ஐரோப்பா லா

பழி எல்லாம் ஒரு ‘லா’வுக்குத்தான். தனலெட்சுமி அதை எத்தனையோ தடவை மனத்துக்குள் புரட்டிப் பார்த்துவிட்டாள். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. அந்த ஒற்றை எழுத்தை வாயை விட்டு விடாமல் இருந்திருந்தால், போன வருஷம் கோயில் சமையல்கூடத்தில் அவள் சொன்னது சொன்னபடியே நின்றிருக்கும்.

நடந்தது இதுதான். அன்றைக்கு அன்னதானம். பெர்மாஸ் ஜெயாவில் அவர்கள் குடியிருப்பான தாமானுக்குப் பின்னால் இருக்கிற அம்மன் கோயில். வெளியே மேளம், உள்ளே எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சந்திரமதி, கத்தியை நிறுத்தாமலே கேட்டாள். “தனம், ஒங்க லோஷினிக்கு யுனிவர்சிட்டி கெடச்சிருச்சாமே. என்னா படிக்கிறா?”

லோஷினிக்குக் கிடைத்திருந்தது கோலாலம்பூரில், இவர்கள் வாயில் கேஎல்லில், ஒரு பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய ஆய்வுகள் என்கிற பட்டப்படிப்பு. அந்தப் பெயர் முழுசாகத் தாயின் வாய்க்குள் நுழையவில்லை. மேளத்துக்கு மேலே குரலைத் தூக்கி, “ஐரோப்பா லா,” என்றாள். எதற்கெடுத்தாலும் ஒரு லா போட்டுப் பழகிய வாய். சாப்பிட்டாச்சு லா, வந்துட்டேன் லா, சும்மா இரு லா. அந்தப் பழக்கத்தில் ஐரோப்பாவுக்கும் ஒரு லா.

சந்திரமதியின் காதில் அது ‘ஐரோப்பால’ என்று விழுந்தது. கத்தி நின்றது. “ஐரோப்பாலயா படிக்கிறா?” என்று அவள் கேட்ட கேள்விக்கு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள்.

இல்ல லா, கோலாலம்பூர்லதான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் பார்த்த பார்வை அப்படி. தனலெட்சுமி தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறவள். சாஆ என்கிற ஊரில், எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்கு வந்தவள். கணவனின் அண்ணன் கனகராஜ் வீட்டு விசேஷங்களில் பாத்திரம் கழுவுகிற பக்கமாகவே நிற்கிறவள். அவளை யாரும் அதற்கு முன் அப்படி அண்ணாந்து பார்த்ததில்லை. இன்றைக்கு ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று பேசாமல் இருந்துவிட்டாள். அது ஒரு வருஷத்துக்கு நீண்டது.

தீபாவளிக்கு மகள் வீட்டுக்கு வந்தபோது, “அங்க ரொம்பக் குளிராம்மா?” என்று சந்திரமதி கேட்டாள். நூலகத்து ஏர்கானைக் கேட்கிறார்கள் என்று நினைத்த லோஷினி, “ஆமா ஆன்ட்டி, ஜாக்கெட் இல்லாம உக்காரவே முடியாது,” என்றாள். தனலெட்சுமி சமையலறைக்குள் ஓடிக் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். “சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?” “பக்கத்துலயே மாமாக் கடை இருக்கு ஆன்ட்டி, சமாளிச்சுக்குவேன்.” நம்மூர் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையான மாமாக் கடை ஐரோப்பாவிலும் வந்துவிட்டதாம் என்று தாமான் முழுக்க ஒரு வாரம் பேசித் தீர்த்தது.

எப்படியோ ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தாள். இந்த வருஷம் கோயில் மாணவர் பாராட்டு விழாவுக்கு லோஷினியின் பெயரை முதலில் எழுதினார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கனகராஜ் வந்தார். கோயில் செயலாளர். சிங்கப்பூருக்கு வேலையாட்களை அனுப்புகிற ஆபீஸ் வைத்திருப்பவர். தம்பி குடும்பத்தில் எது நடந்தாலும் தன் கையெழுத்து வேண்டும் என்று நினைக்கிற மனுஷன். கக்கத்தில் சுருட்டிய பேனர் இருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வரவேற்பறைத் தரையில் அதை விரித்தார்.

லோஷினி பள்ளியில் எஸ்டிபிஎம் பரீட்சை எழுதிய காலத்துப் படம். பின்னால் பாரிஸ் கோபுரம், அதன் மேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில்: ஐரோப்பாவில் படிக்கும் எங்கள் தாமானின் செல்வி லோஷினி.

“நல்லாருக்கா?” என்றார்.

“நல்லாருக்கு மாமா.”

“எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு கேஎல் போயிருந்தாரு. பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கடையில வாழையெலை போட்டுச் சோறு தின்னுக்கிட்டிருந்திச்சாம் ஒன் மக. நீயே சொல்லு தனம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஐரோப்பாவுலேர்ந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து வந்து போவுதா?”

அறைக்குள்ளிருந்து லோஷினி வெளியே வந்தாள். விடுமுறைக்கு வந்திருந்தாள். தரையில் கிடந்த பேனரை ஒருமுறை படித்தாள், கோபுரத்தைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள்.

“மா, நான் எப்ப ஐரோப்பா போனேன்?”

தனலெட்சுமி குனிந்து பேனரின் சுருண்ட ஓரத்தை நீவினாள்.

கனகராஜ் கத்துகிற ஆளில்லை. குரலைத் தாழ்த்தித்தான் அறுப்பார். ஞாயிற்றுக்கிழமை விழா. பேனர் அடித்தாகிவிட்டது, சாப்பாடு சொல்லியாகிவிட்டது, என் தம்பி மகள் என்று தலைவரிடம் அவரே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியும் ஆகிவிட்டது. அதனால் வழியையும் அவரே கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார். இங்கே ஜொகூர் பாருவிலேயே தெரிந்த ஒரு காலேஜ். கணக்கியல். இடம் இருக்கிறது, பேசிவிட்டார். மேடையில் அவர் ஒரு வார்த்தை சொல்வார்: ஐரோப்பாக் குளிர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் இங்கேயே மாற்றிக்கொண்டு வந்துவிட்டது. லோஷினி மாலையைப் போட்டுக்கொண்டு சிரித்தால் போதும்.

“பொய்யும் போயிரும், உருப்படாத அந்தப் படிப்பும் போயிரும்,” என்றார். “ஐரோப்பாவுல படிச்சா அதுக்கு ஒரு பேரு இருக்கு. இங்க உக்காந்துக்கிட்டு ஐரோப்பாவப் படிக்கிறதுன்னா என்னா அர்த்தம்? வெள்ளக்காரன் எப்பப் பொறந்தான் எப்பச் செத்தான்னு தெரிஞ்சுக்கிட்டு யாரு சம்பளம் குடுக்கப் போறா? நமக்கெதுக்கு அதெல்லாம்?”

“பெரியப்பா, அது அப்படி இல்ல,” என்று லோஷினி ஆரம்பித்தாள்.

“நான் ஒங்கம்மாகிட்ட பேசுறேன்,” என்றார் அவர். பேனரைச் சுருட்டிக்கொண்டு செருப்பைப் போட்டார். “மானம் போனா திரும்பி வராது தனம். யோசிச்சு நடந்துக்க.”

கார் சத்தம் தெரு முனையைத் தாண்டிய பிறகு லோஷினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தனலெட்சுமி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. கனகராஜ் மேல் கோபம், சந்திரமதியின் காது மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் வாய் மேல். பெற்ற பிள்ளையை ஒரு வருஷம் முழுக்க ஊர் முன்னால் பொய்க்காரியாக நிறுத்தியிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அதை நினைக்கையில் வெட்கம் பிடுங்கித் தின்றது.

சமையலறையில் சத்தம் கேட்டு எழுந்து போனாள். லோஷினி குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள்.

அந்தக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு வாரமாக இடமே இல்லை. தொழிற்சாலையில் அச்சுப் பிசகிக் குப்பைக்குப் போக இருந்த வெள்ளை லேபல்களைத் தனலெட்சுமி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அவற்றில் ஒவ்வொரு பாடத்தின் பெயரையும் எழுதி, மகள் செமஸ்டர் வாரியாக வரிசை கட்டி ஒட்டியிருந்தாள். ஒட்டுவாள், பிய்ப்பாள், வேறு வரிசைக்கு மாற்றுவாள். பால் எடுக்கவும் கீரை எடுக்கவும் தனலெட்சுமி அந்தக் கதவை நூறு தடவை திறந்து மூடியிருப்பாள். ஒரு லேபலையாவது நின்று படித்ததில்லை. இப்போது மகள் அவற்றைக் கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் பிய்க்கிற?”

“கணக்கியலுக்கே மாத்திக்கிறேன் மா.” குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “நாலு பேரு முன்னாடி நீங்க தலகுனிஞ்சு நிக்கணும்னா எனக்கு இது வேணாம். திங்கக்கெழமைக்குள்ள மேஜர் பாடத்த உறுதி பண்ணணும். பண்ணலன்னா தானா போயிரும்.”

சரி என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை விழும், சந்திரமதி கை தட்டுவாள், பேச்சு அதோடு முடியும். அந்த வார்த்தை தனலெட்சுமியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகளின் விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று நின்ற லேபலைப் பார்த்தாள்.

“இரு. அதுல என்னா எழுதியிருக்கு?”

“விடுங்க மா.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. மேலேர்ந்து படி. எல்லாத்தயும்.”

லோஷினி முதல் வரிசையில் விரலை வைத்தாள். பிரெஞ்சு, முதல் நிலை. இதை இந்த செமஸ்டரில்தான் தொடங்குவார்கள்; விட்டால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், அதன் மேல் நிற்கிற பாடமெல்லாம் சரிந்துவிடும். பக்கத்தில் போர்த்துகீசு, அது விருப்பப் பாடம்.

“ரெண்டு பாஷ எதுக்கு?”

“பிரெஞ்சு, சட்டம் படிக்கிறதுக்கு. போர்த்துகீசு எனக்குப் புடிச்சிருக்கு. மேசைங்கிறோமே, அது அவங்க வார்த்த. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அவங்களோடதுதான். மலாய்லயும் மெஜா, அல்மாரின்னுதான சொல்றோம்.”

“அடப்பாவி, சாவியுமா?” என்றாள் தனலெட்சுமி. இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை அவளை அறியாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “சரி, கீழ வா.”

கீழே ஐரோப்பாவின் குடியேற்ற வரலாறு. ஐரோப்பிய ஒன்றியம் எப்படி நடக்கிறது என்று ஒரு பாடம். அதை முடித்தால்தான் அடுத்த வருஷம் சட்டமும் வர்த்தகமும் எடுக்கலாம். அந்த லேபலில் லோஷினி சிவப்பு மையால் ‘சாஆ’ என்று சின்னதாக எழுதியிருந்தாள்.

“ஐரோப்பாவுக்கு நடுவுல சாஆவுக்கு என்னா வேல?”

“காட்ட அழிச்ச நெலத்துல வெளஞ்ச செம்பன எண்ணெய வாங்கக் கூடாதுன்னு அங்க ஒரு சட்டம் போட்டிருக்காங்க மா. காட்ட அழிக்கக் கூடாதுங்கிறது நல்லதுதான். ஆனா யாரு அழிச்சா, யாரு வேலைக்கு வந்தா, யாருக்கு வேல போவும், இதெல்லாம் அங்க உக்காந்துக்கிட்டே முடிவு பண்றாங்க. சாஆல இருக்குற பழத்துக்குச் சட்டம் ஐரோப்பாவுல, பிரசல்ஸ்ல.”

“சாஆல இருக்கறவங்களக் கேட்டாங்களா?”

“தாத்தா மாதிரி குல வெட்டுனவங்களையா? கேட்ட மாதிரி தெரியல.” லோஷினி விரலில் ஒட்டியிருந்த லேபலை நீட்டினாள். “இது கடைசி வருஷ ஆய்வு. தோட்டங்களப் பாக்க வந்த ஐரோப்பாக்காரங்க நம்ம ஆளுங்களப் பத்தி என்னா எழுதிட்டுப் போயிருக்காங்கன்னு தேடிப் படிக்கிறது. அதெல்லாம் அங்க ஆவணக் காப்பகத்துல இருக்கும். கொஞ்சம் இணையத்துலயே கெடைக்குது.”

குளிர்பெட்டியின் மோட்டார் ஓடி நின்றது.

அப்படி வந்த ஓர் ஆளைத் தனலெட்சுமி பார்த்திருக்கிறாள். தோட்டத்துப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வயசு. வெள்ளைக்காரர் ஒருவர் வருகிறார் என்று கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், எல்லாரையும் வீட்டு வாசலில் வரிசையாக நிற்கச் சொன்னார். அவளுக்குப் பள்ளிச் சீருடை போட்டு நிறுத்தினார்கள், அன்றைக்குப் பள்ளி இல்லாதபோதும். வந்தவர் செருப்போடு வீட்டுக்குள் போனார், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். வெளியே வந்து அவள் அப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். குலை வெட்டிக் குலை வெட்டிக் காய்த்துப் போன கை. ஏதோ எழுதினார். போய்விட்டார். அவர் போன பிறகு அப்பா கிராணியிடம் கேட்டார், என் கையைப் பார்த்து என்ன எழுதினார் என்று. “ஒனக்கெதுக்கு?” என்றார் கிராணி. அப்பா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர் எதைப் பற்றியும் யாரையும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

ஒனக்கெதுக்கு. நமக்கெதுக்கு. ஒரே கேள்விதான், கேட்கிற ஆள்தான் வேறு.

அவள் மகளின் விரலிலிருந்து லேபலை வாங்கினாள். கதவில் அது இருந்த இடத்திலேயே வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் இழுத்து, ஒரு குமிழ் இல்லாமல் ஒட்டினாள். அவள் ஒட்டினால் ஒட்டினதுதான்.

“மத்ததயும் ஒட்டு,” என்றாள். “கணக்கியல் கிணக்கியல்னு இந்த வீட்டுல இனிமே யாராச்சும் பேசட்டும், பாத்துக்கறேன்.”

“பெரியப்பாவுக்கு யாரு மா பதில் சொல்றது?”

“வாய விட்டவ நான். நானே சொல்றேன்.”

அப்புறம்தான் அவள் மகளிடம் அந்த ‘லா’வைப் பற்றிச் சொன்னாள். சமையல்கூடம், மேளம், முருங்கைக்காய் எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை. லோஷினி கோபமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், மாமாக் கடைக் கதை வரும் வரைக்கும். அங்கே அவளால் முடியவில்லை. குளிர்பெட்டியில் சாய்ந்து சிரித்ததில் கதவிலிருந்த இரண்டு செமஸ்டர் கீழே விழுந்தது.

சிங்கப்பூர் வேலை முடிந்து எல்லைப் பாலத்து நெரிசலில் நசுங்கி வந்த கணவன் செல்வா, சோற்றுத் தட்டின் முன்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அண்ணன் சொல்லை அவர் தட்டிப் பேசியதில்லை. ரசத்தைப் பிசைந்துகொண்டே, “அண்ணன் கோவிச்சுக்குவாரு தனம்,” என்றார்.

“கோவிச்சுக்கட்டும். நாப்பத்தஞ்சு வயசாவுது எனக்கு. ஒங்க அண்ணன் கோவத்துக்குப் பயந்தே பாதி வயசு போச்சு.”

செல்வா இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கோயில் மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார்கள். நாற்காலி போடுகிறவர்கள்கூட வரவில்லை. மேடைக்குப் பின்னால் பேனர் ஏற்கெனவே கட்டியிருந்தது, கோபுரமும் பனியுமாக. தனலெட்சுமி கைப்பையிலிருந்து லேபல் தாளை எடுத்தாள். இருப்பதிலேயே பெரிய லேபல். அதில் வீட்டிலேயே தடித்த மார்க்கரால் ‘வை’ என்று எழுதி வைத்திருந்தாள். பாதி ராத்திரிக்குப் பதுங்கி வந்து செய்ய இதென்ன திருட்டா? பட்டப்பகலில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து செய்வாள்.

“நாக்காலியப் புடிங்க,” என்றாள் கணவனிடம்.

செல்வா வாசலைப் பார்த்தார். பிறகு வந்து நாற்காலியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். அவள் ஏறினாள். ‘ஐரோப்பாவில்’ என்பதில் கடைசி இரண்டு எழுத்து மறைகிற மாதிரி லேபலை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தாள். மஞ்சள் பேனரில் வெள்ளை லேபல் பட்டையாகத் தெரிந்தது. தெரியட்டும் என்று இறங்கினாள்.

ஐரோப்பாவை படிக்கும் எங்கள் தாமானின் செல்வி லோஷினி.

“கோபுரத்த என்னா பண்றது மா?” என்றாள் லோஷினி.

“அது கெடக்கட்டும். அதையுந்தான படிக்கிற.”

மண்டபம் நிரம்பியது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் தோளைச் சுரண்டினாள், அவள் அடுத்தவளைச் சுரண்டினாள். கனகராஜ் பூசைத் தட்டோடு உள்ளே வந்தவர், மேடையைப் பார்த்ததும் நின்றார். தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு நேராக அவளிடம் வந்தார்.

“யாரு வேல இது?”

“என் வேலதான் மாமா.”

“கழட்டு.”

“வராது. தொழிற்சாலப் பசை. கழட்டுனா பேனர் கிழிஞ்சிரும்.”

அவர் முகம் கறுத்தது. தலைவர் உட்கார்ந்துவிட்டார், நாதஸ்வரம் நின்றுவிட்டது. இத்தனை பேர் முன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒலிவாங்கியைத்தான் பிடிக்க முடியும். பிடித்தார். வணக்கம் சொன்னார், தலைவரைப் புகழ்ந்தார், பேனரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு தடவைகூடத் திரும்பாமல் பேசினார்.

“என் தம்பி மக லோஷினி,” என்று வந்தார் கடைசியில், “ஐரோப்பாவுல மேற்படிப்புப் படிச்சிட்டு, அங்க குளிரு ஒத்துக்காததுனால…”

தனலெட்சுமி மேடை ஏறினாள். “அத எங்கிட்டக் குடுங்க மாமா,” என்றாள். அது ஒலிவாங்கியிலும் கேட்டுவிட்டது. வீட்டு மருமகள் மேடையில் வந்து கேட்கிறாள், கொடுக்காமல் இழுத்துப் பிடித்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்? கொடுத்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். எம் பொண்ணு ஐரோப்பாவுல படிக்கல. ஒரு நாளும் அங்க போனதில்ல. கேஎல்லதான் படிக்கிறா.” மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. அவள் நிற்கவில்லை, நின்றால் அழுகை வந்துவிடும் என்று பயம். “தப்பு அவளோடது இல்ல. நான் ஒண்ணு சொன்னேன், ஒங்க காதுல வேற மாதிரி விழுந்திச்சு. அப்பவே இல்லன்னு சொல்லியிருக்கணும், சொல்லல. பெருமையா இருந்திச்சு, அதான் வாய மூடிக்கிட்டேன். அதுக்கு மன்னிச்சிருங்க. ஆனா அந்தப் படிப்புக்காக நான் யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன்.”

பின்வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. “ஐரோப்பாவப் படிச்சா என்னா வேல கெடைக்கும் தங்கச்சி?” சிலர் சிரித்தார்கள். கனகராஜ் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

“தெரியாதுண்ணே,” என்றாள் தனலெட்சுமி. “நான் சாஆ தோட்டத்துல பொறந்தவ. ஒரு நாளு வெள்ளக்காரரு ஒருத்தரு வந்து எங்க வீட்டுக்குள்ள போயிப் பாத்தாரு, எங்கப்பா கையப் புடிச்சுத் திருப்பிப் பாத்தாரு, எழுதிட்டுப் போயிட்டாரு. இங்க பாதிப் பேரு தோட்டத்துலேர்ந்து வந்தவங்கதான், ஒங்க வீட்டுக்கும் வந்திருப்பாங்க. சாஆவப் படிச்சா என்னா வேல கெடைக்கும்னு அவங்களப் போயி நீங்க யாராச்சும் கேட்டீங்களா? அவங்க நம்மளப் படிச்சாங்க. இப்ப எம் பொண்ணு அவங்களப் படிக்கிறா. படிக்கட்டுமே.”

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசைக்காரர் தலையைக் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது முன்வரிசையில் யோகேஸ்வரி டீச்சர் எழுந்தார். தமிழ்ப்பள்ளியில் அந்தத் தாமானின் பாதிப் பேருக்குக் காதைத் திருகி எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பேனரையே பார்த்தார். டீச்சர் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், மண்டபம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

“பிழை இருக்கு,” என்றார் டீச்சர்.

கனகராஜ் நிமிர்ந்தார். “அதத்தான் டீச்சர் நானும் சொல்றேன்.”

“நீங்க சும்மா இருங்க. ‘ஐரோப்பாவை படிக்கும்’னு எழுதக் கூடாது. இரண்டாம் வேற்றுமை விரிஞ்சு வருது, பின்னால வல்லினம். நடுவுல ‘ப்’ போடணும். ஐரோப்பாவைப் படிக்கும்.” கண்ணாடியை இறக்கினார். “ஊருக்கு முன்னால சொல்றதா இருந்தா பிழையில்லாமச் சொல்லணும் தனம்.”

முதலில் சிரித்தது செல்வா. மண்டபத்தின் ஓரத்தில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு மண்டபமே சிரித்தது. லோஷினி மார்க்கரோடு மேடைக்கு ஓடி வந்தாள். செல்வா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அண்ணனைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது; தாண்டி வந்தார். யாரும் சொல்லாமலே நாற்காலியைப் பிடித்தார்.

தனலெட்சுமி ஏறி, ஊர் பார்க்க, வெள்ளை லேபலின் ஓரத்தில் இருந்த இடத்தில் ‘ப்’ என்று எழுதினாள். புள்ளியை நன்றாக அழுத்தி வைத்தாள்.

அவள் இறங்குவதற்குள் கனகராஜ் மேடையை விட்டு இறங்கிவிட்டார். போகிற போக்கில் தம்பியிடம், “இனிமே எங்கிட்ட வந்து நிக்காத,” என்றார். செல்வாவின் முகம் வாடியது. ஆனாலும் நாற்காலியிலிருந்து கையை எடுக்கவில்லை.

மாலை போட்டார்கள், தலைவர் ஏதோ பேசினார், சாப்பாடு போட்டார்கள். பந்தியில் லோஷினி இடது கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். குளிர்பெட்டிக் கதவில் இருந்த வரிசை முழுக்க அந்தச் சின்னத் திரையில் இருந்தது, பிரெஞ்சு முதல் நிலையிலிருந்து கடைசி வருஷ ஆய்வு வரைக்கும். திங்கட்கிழமை வரை அவள் பொறுக்கவில்லை. கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தாயைப் பார்த்தாள். “அனுப்பிட்டேன் மா.”

சாம்பார் வாளியோடு வந்த சந்திரமதி, அவர்கள் இலைக்கு முன்னால் நின்றாள். முகம் உம்மென்று இருந்தது. ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்தானே, கோபம் இருக்காதா? கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, “இப்பயாச்சும் ஒழுங்காச் சொல்லு தனம்,” என்றாள். “ஒம் பொண்ணு என்னாதான் படிக்கிறா?”

பக்கத்து இலைகளில் எல்லாக் கைகளும் நின்றன.

தனலெட்சுமி வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு அவளை நேராகப் பார்த்தாள்.

“ஐரோப்பா,” என்றாள். ஒரு மூச்சு விட்டாள். “லா.”